சட்டையைப் பற்றி எழுதுங்க

இருபத்து நாலு வயதில் வாரத்தில் ஐந்தரை நாள் நான் சாம்பல் நிறச் சீருடையில் இருந்தேன். சிங்கப்பூரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசை வேலை. எந்தப் பல், எத்தனை நாளாக வலி என்று கேட்டு எழுதிக்கொண்டு, "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்ல வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரி முன்னால் போய் நின்றால் எனக்கு ஒருவிதப் பசி வந்துவிடும். அப்பா இளமையில் போட்ட பூப்போட்ட சட்டைகள், பழைய துணிக் கடைகளில் பொறுக்கியெடுத்த கால்சட்டைகள், ஒரு மலாய்த் தோழியின் அக்கா கொடுத்த பாஜு குரோங் மேல்சட்டை, இரண்டு சேலைகளை வெட்டித் தைத்த பாவாடை. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி ஒரு மணி நேரம் போராடுவேன்.

அம்மா வாசலில் நின்று பார்ப்பார். "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டும் பேசிக்கவே இல்லையே" என்பார்.

"அதான் ஸ்டைல் லா, மா."

"என்னமோ போ. குடை எடுத்துக்க."

நாங்கள் குடியிருந்த புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து, இந்தியர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு நேராக ரயில் உண்டு. அந்தப் பயண நேரத்துக்கு அளவாகப் பாட்டு அடுக்கி வைத்திருந்தேன். இங்குள்ள தமிழ்ப் பையன்கள் படுக்கையறையில் பதிவு செய்த ராப், ஒரு மலாய்க் குழுவின் அழுமூஞ்சிப் பாட்டு இரண்டு, கொரியப் பாட்டு ஒன்று. இறங்கும் நிலையம் வரும்போது கடைசிப் பாட்டின் கடைசி வரி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ரயில் தாமதமானால் எனக்குக் கோபம் வரும். இதையெல்லாம் இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது அது வாழ்க்கைப் பிரச்சினை.

தேக்காவில் பாலிடெக்னிக்கில் என்னுடன் படித்த தோழி காத்திருப்பாள். சீனப் பெண், என்னைவிட அதிகம் காரம் தின்பவள். சந்தையில் முதலில் புட்டு மாயம் என்கிற இடியாப்பம், பிறகு ஆட்டுக்கால் சூப், அதற்கு மேல் இடமிருந்தால் பொரித்த பலகாரங்கள் கலந்த ரொஜாக். சாப்பிட்டு முடித்ததும் என்னுடைய உண்மையான ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். தெருவில் நன்றாக உடுத்தி வருகிறவர்களை நிறுத்தி, அனுமதி கேட்டு, படம் எடுப்பேன். தோழி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து முகத்தில் வெளிச்சம் விழச் செய்வாள். மாலையில் படத்தை என் இணையப் பக்கத்தில் போடுவேன். கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் மூன்று நான்கு வரி. என்ன துணி, எப்படித் தைத்தது, எதோடு எதைச் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான். என் பக்கத்தைப் பார்ப்பவர்கள் அதிகம் இல்லை. பார்ப்பவர்கள் துணிப் பைத்தியங்கள்.

அவரை முதலில் பார்த்தது ஒரு நவம்பர் மாத ஞாயிறு மதியம், மழை விட்ட சமயம். ஜன்னலும் கதவும் ஒவ்வொரு நிறத்தில் இருக்குமே, அந்தப் பழைய சீன வீட்டின் முன்னால் இரண்டு நண்பர்கள் அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். பாசிப்பச்சைச் சட்டை. கை முழங்கை வரை மடித்திருந்தது, மடிப்பின் உள்பக்கம் நீலக் கட்டம் தெரிந்தது. கால்சட்டை கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. அந்த நீலக் கட்டத்தைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது.

"அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? டிரெஸ்ஸுக்காக. நான் ஒரு பேஜ் வச்சிருக்கேன்."

நண்பர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எடுங்க சிஸ்டர். எடுத்துட்டுக் காட்டணும்" என்றார்.

எடுத்துக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "காலரு நல்லா வந்திருக்கு. கை மடிப்பு இருட்டா இருக்கே. அந்தப் பொண்ண இந்தப் பக்கம் வந்து அட்டையப் புடிக்கச் சொல்லுங்க" என்றார். தோழி இடம் மாறினாள். அடுத்த படம் உண்மையிலேயே நன்றாக வந்தது. அவள் என்னிடம் ஆங்கிலத்தில், "இவருக்கு உன்னைவிட நல்ல கண் இருக்கிறது" என்றாள்.

பேசினோம். அவருக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். இங்கே வந்து ஏழு வருடம். முதலில் கட்டட வேலை, இப்போது கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிறார். சட்டையைப் பெரிய அளவில் வாங்கி, விடுதியில் கட்டிலில் உட்கார்ந்து கையாலேயே பிரித்துத் தைத்துத் தன் உடம்புக்குக் கொண்டுவருவாராம். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. "நாலு சட்டைய நாசம் பண்ணேன், அஞ்சாவது சட்ட வந்துருச்சு" என்றார்.

"வாரம் பூரா இப்படித்தான் போடுவீங்களா?"

"எங்க? ஆறு நாளும் நீல ஓவரால் சிஸ்டர். அதான் ஒரு நாள் கொஞ்சம் ஆட்டம்."

இப்போதுதான் சிரித்தார். என் எண்ணை வாங்கிக்கொண்டு, படத்தை அனுப்பச் சொன்னார். பக்கத்தின் பெயரையும் குறித்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நான் பாட்டே கேட்கவில்லை. அந்த "ஆறு நாளும் நீல ஓவரால்" தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பெரிய விஷயம் என் கையில் அகப்பட்டுவிட்டதாக நினைத்தேன். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் எழுதும் வரிகளை அன்று ஒன்றரை மணி நேரம் எழுதினேன். எழுதியது இது:

"ஆறு நாள் நீல ஓவரால். வெயில், வியர்வை, இரும்பு. ஏழாவது நாளில்தான் இவர் மனிதராகிறார். நம் நகரைத் தாங்கும் கைகளுக்கு ஒரு வணக்கம்."

அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கம்மா" என்றார். என் துணிப் பைத்தியத்தை அம்மா மெச்சியது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில் பார்த்தால் என் பக்கம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. முகம் தெரியாதவர்கள் பகிர்ந்திருந்தார்கள். கைகூப்பும் படங்கள், அழும் முகங்கள், "சல்யூட் அண்ணா". இடையிடையே கேலியும் இருந்தது, பெல்ட்டைப் பற்றி, தலைமுடியைப் பற்றி. கேலி செய்தவர்களோடு நான் உட்கார்ந்து சண்டை போட்டேன். ஓர் இணைய வானொலிக்காரர் அவரைப் பேட்டி எடுக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார். அந்த வாரம் முழுவதும் நோயாளிகளிடம் நான் அளவுக்கு மீறி அன்பாக இருந்தேன். அவருக்குப் படத்தை அனுப்பியிருந்தேன். "கிடைத்தது" என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. வேலையாக இருப்பார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நல்ல செய்தி கொண்டுபோகிற ஆள் போலப் போனேன். தோழிக்கு அன்று வேறு வேலை. சந்தை உணவங்காடியில் ஓர் ஓர மேசையில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. முன்னால் ஒரு கிளாஸ் தே தாரிக், நுரைத்த பால் தேநீர்.

"உக்காருங்க சிஸ்டர். சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன்ணா. பாத்தீங்களா, எவ்ளோ பேரு ஷேர் பண்ணியிருக்காங்க! ரேடியோல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு…"

"பாத்தேன்" என்றார். கைபேசியை எடுத்து மேசையில் வைத்து என் பக்கத்தைத் திறந்தார். அவர் படத்துக்குப் போகாமல் அதற்கு முந்தைய படங்களுக்குப் போனார். பூக்கடை அக்காவின் படம் வந்ததும் நிறுத்தி, கீழே நான் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

"'மாம்பழ மஞ்சள் பருத்திச் சேலை, கொசுவம் கணுக்காலுக்கு மேலே. கீழே ஓடுவதற்கான காலணி. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் தடுக்காது.' இது நல்லா இருக்கு."

அடுத்தது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பையன். "'நாலு முழ வேட்டி, கறுப்பு பூட்ஸ். வேட்டிக் கரையும் பூட்ஸ் தையல் நூலும் ஒரே சிவப்பு. தற்செயலா என்று கேட்டேன், முறைத்தார்.'" படித்துவிட்டு லேசாகச் சிரித்தார். "இவரு என்ன படிக்கிறாருன்னு நீங்க எழுதல."

"இல்ல."

"அந்தக்கா எத்தன மணி நேரம் நிக்கிறாங்கன்னும் எழுதல."

என்ன வரப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. காது சூடானது.

"எல்லாருக்கும் உடுப்பப் பத்தி எழுதியிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் சிஸ்டர் வேலையப் பத்தி? அந்தக் கை மடிப்பப் பாத்துத்தானே நின்னீங்க? அதப்பத்தி ஒரு வரி கெடையாது."

"அண்ணா, நான் நல்ல எண்ணத்துலதான்…"

"தெரியும். கெட்ட எண்ணத்துல எழுதியிருந்தா நான் வந்து உக்காந்திருக்கவே மாட்டேன்." தே தாரிக்கை ஒரு வாய் குடித்தார். "ஊர்ல எவனோ என் வீட்டுக்காரிகிட்டக் காட்டிட்டான். அவ போன் பண்ணி அழுதா. 'ஏழாவது நாள்தான் மனுசனா ஆவீங்களாமே, மத்த ஆறு நாளு அங்க ஒங்கள என்ன பண்றாங்க'ன்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்ல? நான் நல்லாத்தான் இருக்கேன். சாரம் கட்டுறதுல எங்க யார்டுல என்னையக் கேக்காம ஒருத்தனும் ஏற மாட்டான். அந்த ஆறு நாளும் நான் மனுசன்தான்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகை வந்தது. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டி வருமே என்று அடக்கிக்கொண்டேன்.

"சாரிண்ணா. இப்பவே டெலீட் பண்ணிடறேன்."

"ஐயோ, அழிக்காதீங்க! போட்டோ அருமையா இருக்கு. எழுத்த மாத்துங்க."

"என்ன எழுதட்டும்?"

"சட்டையப் பத்தி எழுதுங்க."

கிண்டல் பின்னூட்டங்களைப் பற்றியும் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டிவிட்டார். "அதுல ஒருத்தன் பெல்ட்டு ஓவரா இருக்குன்னு போட்டிருந்தான். சரியாத்தான் சொல்லியிருக்கான். அவன் ஒருத்தன்தான் உடுப்பப் பாத்தவன்."

அங்கேயே, அந்த மேசையிலேயே, நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். உள்மடிப்பில் தெரிந்த நீலக் கட்டம் ஒரு லுங்கி. பக்கத்துக் கட்டில்காரர் பங்களாதேஷ்காரர், கிழிந்துபோன லுங்கியைத் துடைக்கிற துணியாக்கப் போனாராம். இவர் அதைப் பிடுங்கி, கிழியாத பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார். பட்டன்கள் வேறொரு சட்டையிலிருந்து வந்தவை. கால்சட்டையை இரண்டு விரல் தூக்கியதற்குக் காரணம் கேட்டேன். "எனக்குக் கால் குட்ட. கணுக்கால் தெரிஞ்சா கொஞ்சம் நெட்டையாத் தெரியும்" என்று ரகசியம் போலச் சொன்னார். "இத எழுதாதீங்க."

எழுதவில்லை. எழுதியது இதுதான்: "பாசிப்பச்சைச் சட்டை. கையை மடித்தால் உள்ளே நீலக் கட்டம் போட்ட பழைய லுங்கித் துணி. எல்லாத் தையலும் கைத்தையல், அவருடையது. எங்கே தைத்திருக்கிறார் என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை."

மாற்றியவுடன் கூட்டம் கலைந்தது. பழைய வரிகளை ஏன் எடுத்தாய் என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவருடைய கஷ்டத்தை மறைக்கிறேன் என்று ஒருவர் பெரிய பாடமே எடுத்தார். வானொலிக்காரருக்கு, அவர் துணியைப் பற்றி மட்டும் பேசுவார் என்று எழுதினேன். பதில் வரவில்லை. அம்மா, "முன்னாடி எழுதினதுதான் மனசத் தொட்டுச்சு" என்றார். தொட்டது என்னவோ உண்மைதான். ஆனால் அந்த வரிகளை எழுதியபோது நான் அவருடைய சட்டையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை அம்மாவிடம் அப்போது விளக்கத் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கிளினிக்கில் சீருடையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் பெண் ஊசிக்குப் பயந்து நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டாள். நானும் தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசி வெளியே கொண்டுவந்தேன். சந்தோஷமாக இருந்தது. என்னைப் பற்றி யாராவது "ஐந்தரை நாள் சாம்பல் சீருடை, ஞாயிறுதான் இவள் உயிரோடிருக்கிறாள்" என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

சில வாரங்கள் அவர் கண்ணில் படவில்லை. வருத்தம் தீரவில்லை போலிருக்கிறது என்று நானும் செய்தி அனுப்பவில்லை. ஜனவரியில் ஒரு நாள் அவரே எழுதினார்: "இந்த ஞாயிறு தோ பாயோ வரீங்களா? ஒரு கடை இருக்கு. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

இட்லி தோசைக் கடையாக இருக்கும் என்று தோழியிடம் சொல்லி வைத்தேன். அவர் எங்களை அழைத்துப் போனது சீனர் நடத்தும் கோழிச்சோற்றுக் கடைக்கு. வரிசையில் நின்று, கடைக்காரரிடம் சீனத்தில் இரண்டு வார்த்தை பேசி, மிளகாய்ச் சாந்து அதிகமாக வாங்கி வந்தார். என் தோழி வாயைப் பிளந்தாள். பல வருடம் முன்பு எதிரே இருக்கும் அடுக்குமாடி புளோக்கில் புது லிஃப்ட் கட்டுகிற வேலை, மதியம் தினமும் இங்கேதான் சாப்பாடாம். சிராங்கூன், ஈசூன், பாசிர் ரிஸ் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்தக் கடையில் எது நன்றாயிருக்கும் என்று அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் இருவரிடமும் அதில் பாதிகூட இல்லை.

"தோச சாப்பிட மாட்டீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஊருக்குப் போனா அதான சாப்பிடப் போறேன்" என்றார், கோழியைப் பிய்த்தபடி.

அன்று என் இயர்போன்களில் ஒன்றை அவரிடம் கொடுத்து, நம் பையன்களின் ராப்பைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "வேகமாப் பேசுறாங்க. பாடுனா நல்லா இருக்கும்" என்றார். பதிலுக்கு அவர் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டு, "பாடுறவங்கள விட்ருங்க. பேஸ் கிட்டார் மட்டும் கேளுங்க" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தது போல நடிக்கவும் இல்லை. "போங்க, ஒங்களுக்குக் காது இல்ல" என்றார். தோழி இருவருடையதையும் கேட்டுவிட்டு, இரண்டுமே சத்தம் என்றாள். அன்றைக்கு மூவரும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்வோம். அவரை நான் மறுபடி படம் எடுக்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. மே மாதத்தில் அவரே கேட்டார். ஊருக்கு ஒரு மாத விடுப்பில் போகிறார், ஊரில் போட்டுக்கொள்ள மூன்று சட்டை தைத்து வைத்திருக்கிறார், எதை எடுத்துப் போவது என்று மனைவிதான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். தேக்காவில் ஒரு படிக்கட்டுக்குப் பக்கத்தில், சுவர் ஓரத்து நிழலில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட, நான் எடுத்தேன். அவர் உடனுக்குடன் ஊருக்கு அனுப்பினார். மூன்றாவது படம் போன இரண்டாவது நிமிடம் வீடியோ அழைப்பு வந்தது.

திரையில் ஈரத்தலையோடு ஒரு பெண். என்னைப் பார்த்ததும், "இவங்கதான் அன்னைக்கு எழுதுனவங்களா?" என்று அவரிடம் கேட்டார்.

அவர் கைபேசியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

"ஆமாக்கா, நான்தான். மன்னிச்சிடுங்கக்கா. உங்கள அழ வச்சிட்டேன்."

பின்னால் எங்கோ மிக்ஸி ஓடியது. "ரெண்டு நாளு தூக்கமே இல்ல" என்றார். "அப்பறம் நீங்க மாத்தி எழுதுனதக் காட்டுனாரு. லுங்கித் துணின்னு எனக்குக்கூட அவர் சொல்லல. நல்ல துணின்னுல நெனச்சிருந்தேன்!" சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "சரி விடுங்க. நீங்க சொல்லுங்க, அந்த மூணாவது சட்ட ஒங்களுக்குப் புடிச்சிருக்கா?"

இளஞ்சிவப்புச் சட்டை. அதைத் தைத்தவருக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று எனக்குத் தெரியும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள்ல கொஞ்சம் இறங்குதுக்கா" என்றேன்.

"அதச் சொல்லுங்க! நானும் அதத்தான் சொல்றேன், கேக்க மாட்டேங்கிறாரு. பிரிச்சுத் தைக்கச் சொல்லுங்க. இல்லாட்டி அந்த லுங்கித்துணி வச்ச பச்சையவே எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அவர் கைபேசியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் சேந்துட்டீங்களா?" என்றார். பிறகு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, தோள் தையலைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.